யூனிசைக்கிளுக்கு ஃபிரேம் அடிக்கப் போகிறீர்களா? முதலில் டயரை வாங்குங்கள்

கேள்வி: மூன்று வருடமாக 20 அங்குல யூனிசைக்கிள் (ஒற்றைச் சக்கர சைக்கிள்) ஓட்டுகிறேன். இப்போது மண் பாதையில் ஓட்டவும் ஆசை, அலுவலகத்துக்கு ஆறு கிலோமீட்டர் ரோட்டில் போய்வரவும் ஆசை. நண்பரிடம் லேத்தும் டிக் வெல்டிங்கும் இருக்கின்றன. சக்கரத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு வித்தை, மண் பாதை, ரோடு மூன்றுக்கும் பயன்படுத்துகிற மாதிரி ஒரே ஃபிரேம் செய்ய முடியுமா? என் உள்கால் நீளம் 80 செ.மீ.

பதில்: மூன்றுக்கும் ஒன்று முடியாது. இரண்டுக்கு ஒன்று தாராளமாக முடியும். வித்தைக்கு இப்போது வைத்திருக்கும் ஃபிரேமே இருக்கட்டும், மண் பாதைக்கும் ரோட்டுக்கும் சேர்த்து ஒன்று அடியுங்கள்.

பலர் பைப் வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள், அங்கேதான் தப்பு. யூனிசைக்கிள் ஃபிரேம் என்பது இரண்டு கால், மேலே அவை சேரும் ஒரு தோள் (கிரவுன் என்பார்கள்), அதற்கு மேல் சீட் பைப் நுழைகிற கழுத்து, கீழே சக்கர அச்சின் பேரிங்கைப் பிடித்துக்கொள்கிற இரண்டு பேரிங் வீடு. அவ்வளவுதான், ஒரு வாசல் நிலை மாதிரி. இதில் மாறுவது என்ன என்று பார்த்தால், உங்கள் பாதமும் முட்டியும் எங்கே போகின்றன என்பதை வைத்துத் தோளின் வடிவம் மாறும், டயரை வைத்து உயரமும் அகலமும் மாறும். மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தைக்கு ஏன் தனி ஃபிரேம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் காலால் மிதிக்கும்போது இன்னொரு கால் தோள்மேல் உட்கார்ந்திருக்கும். பெடலை விட்டுவிட்டு டயரையே பாதத்தால் தள்ளி ஓட்டும்போதும், பாதத்தை டயர்மேல் லேசாக உரசவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு சறுக்கும்போதும், தோள் டயருக்கு மிக அருகில், தட்டையாக, ஷூ வழுக்காத மாதிரி இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் அந்த ஃபிரேம்கள் சதுரத் தோளோடு வருகின்றன. 20 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 406 மி.மீ., அதில் 1.95 அங்குல டயர் போட்டால் அச்சிலிருந்து டயர் உச்சி வரை சுமார் 253 மி.மீ. வரும். 29 அங்குலத்துக்கு அடித்த ஃபிரேமில் தோள் 385-இல் இருக்கும். இந்தச் சக்கரத்தை அதில் மாட்டினால் நடுவில் 13 செ.மீ. ஓட்டை, பாதம் அந்தரத்தில்தான் தொங்கும். இடத்துக்கு இடம் தாவிக் குதிக்கிற ட்ரையல்ஸ் பழக்கமும் உங்களுக்கு இருந்தால், அந்தச் சக்கரத்தின் 387 மி.மீ. ரிம்மும் 2.5 அங்குல டயரும் சேர்ந்து கிட்டத்தட்ட இதே உயரத்துக்குத்தான் வரும், ஆகவே கால்களுக்கு நடுவே அகலம் இருந்தால் அந்த இரண்டும் ஒரே ஃபிரேமில் அடங்கிவிடும்.

சரி, அடிக்கப்போகும் ஃபிரேமுக்கு வருவோம். இங்கே ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. 29 அங்குல ரிம்மின் விட்டம் 622, அதில் 2.35 டயர் போட்டால் அச்சிலிருந்து உச்சி வரை சுமார் 371 மி.மீ. 27.5 அங்குல ரிம்மின் விட்டம் 584, அதில் தடித்த 3 அங்குல டயர் போட்டாலும் ஏறக்குறைய அதே 365, 368 தான். ஆக, ரோட்டுக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று என இரண்டு சக்கரம் வைத்துக்கொண்டாலும் உயரம் பிரச்சினையே இல்லை. தோளின் அடிப்பக்கத்தை அச்சிலிருந்து 385-இல் வையுங்கள்.

பிரச்சினை அகலத்தில்தான். சாதாரண ஹப்பில் (சக்கரத்தின் நடுவிலுள்ள அச்சுப் பகுதி) இரண்டு பேரிங்கின் மையத்துக்கும் இடையே 100 மி.மீ. பேரிங் வீட்டுக்கு நேர் மேலே 25 மி.மீ. பைப் நின்றால் உள்ளே மிஞ்சுவது 75. மூன்று அங்குல டயரோ 76! பக்கத்துக்கு இரண்டு நூலாவது, அதாவது 6 மி.மீ. இடைவெளி வேண்டும், ஏனென்றால் குதிக்கும்போதும் ஏறி அழுத்தும்போதும் சக்கரம் பக்கவாட்டில் வளையும், மண் வேறு ஒட்டும். வழி மூன்று உண்டு: 125 மி.மீ. ஹப் வாங்கலாம், கால்களை வெளிப்பக்கம் தள்ளி வெல்டு செய்யலாம், இல்லாவிட்டால் டயரை 2.4 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் வழியில் பெடல்கள் அகன்றுபோய் ரோட்டில் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். இரண்டாவதில் பைப் கொஞ்சம் அதிகம் தள்ளிவிட்டால் கிராங்க்கோ (பெடலைத் தாங்கும் கை) கணுக்காலோ இடிக்கும். முதல் ஃபிரேம் என்பதால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன், 2.4 டயரில் பக்கத்துக்கு 7 மி.மீ. சுகமாகக் கிடைக்கிறது. அப்படிச் செய்தால் இரண்டாவது சக்கரம்கூட வேண்டாம், ஒரே 29 ரிம்மில் டயரை மாற்றிக்கொள்ளலாம். எதுவானாலும் டயரில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள், வாங்கி மாட்டி காற்றடித்து வெர்னியரால் அளந்த பிறகு பைப்பை வெட்டுங்கள்.

தோள் வளைவாக இருக்கட்டும். என் முதல் 29-க்கு, பார்க்க அழகாக இருக்கிறதே என்று சதுரத் தோள் வைத்தேன், ஒரு மாதம் முட்டியின் உள்பக்கம் நீலம் பாரித்தே கிடந்தது. சீட் உயரக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள்: உள்கால் 800, கிராங்க் 150 என்றால் அச்சிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை சுமார் 650. அதில் தோள் வரை 385, தோளின் தடிமன் 30, கழுத்து 70, சீட்டும் அதன் தட்டும் 70, மொத்தம் 555. மீதி 95 மி.மீ. சீட் பைப் வெளியே தெரியும், வசதியான அளவு. ரோட்டுக்கு 125 கிராங்க் போட்டால் சீட்டை இன்னும் 25 ஏற்றிக்கொள்ளலாம். இதே கணக்கை 36 அங்குலச் சக்கரத்துக்குப் போட்டுப் பாருங்கள், 635 வந்து நிற்கும். உங்களுக்கு மயிரிழையில் தப்பும், உங்களைவிடக் குள்ளமானவர் என்றால் கழுத்தை வெட்டித்தான் ஆக வேண்டும்.

பைப் விஷயத்தில் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 4130 குரோமோலி (பலமான கலப்பு எஃகு) கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் 25.4 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) பைப் போதும். இரண்டு காலும் சேர்ந்து முக்கால் கிலோதான் வரும். 1.2 மி.மீ. போட்டால் மிச்சமாவது 200 கிராமுக்கும் குறைவு, அதற்காக ஆசைப்படாதீர்கள். ஜி.ஐ. பைப் மட்டும் வேண்டவே வேண்டாம், துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகை உடம்புக்கு ஆகாது. அலுமினியமும் வேண்டாம், வெல்டு செய்த இடம் பலமிழக்கும், திரும்பச் சூட்டுப் பக்குவம் செய்ய வேண்டும், அது பட்டறை வேலை இல்லை.

உங்கள் நண்பரின் திறமை தெரியப்போவது பேரிங் வீட்டில். இன்றைய ஹப்புகளில் பேரிங்கின் வெளிவிட்டம் பெரும்பாலும் 42 மி.மீ., அகலம் 12. பழைய மலிவு ஹப்புகளில் 40-உம் உண்டு, அளந்துகொள்ளுங்கள். மேல் பாதிக்கும் அடி மூடிக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகட்டை வைத்து, எம்6 போல்ட்டால் முறுக்கி, இரண்டையும் சேர்த்தே லேத்தில் உள்விட்டம் 42-க்குக் கடையச் சொல்லுங்கள். பிறகு தகட்டை எடுத்துவிட்டால் மூடி பேரிங்கை லேசாகப் பிடித்துக்கொள்ளும், இரு பாதிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி நிற்கும். அந்த இடைவெளி மூடும்வரை முறுக்கக் கூடாது. பேரிங் நசுங்கினால் சக்கரம் இறுகும், பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். தூக்கிப் பிடித்துச் சுற்றினால் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், பேரிங் வீட்டுக்குள் ஆடவும் கூடாது, அந்த அளவோடு போல்ட்டை விட்டுவிடுங்கள்.

வெல்டிங்குக்கு முன் ஹப்புக்குப் பதிலாக ஒரு டம்மி அச்சைக் கடைந்து, இரண்டு வீட்டிலும் மாட்டி, அதன்மேல் கால்களை நிறுத்தி டேக் (சின்னப் புள்ளி வெல்டு) வையுங்கள். அசல் ஹப்பை வைத்து வெல்டு செய்தால் சூட்டில் பேரிங் கெடும். ஒரே பக்கத்தை முழுதாக முடிக்காமல் இடம் வலம் மாறி மாறிப் போங்கள், இல்லாவிட்டால் சூடு ஒரு காலை இழுத்துவிடும். கழுத்தில் பிளவு வெட்டும்போது அதன் அடியில் ஒரு சின்னத் துளை போட்டுவிட்டு வெட்டுங்கள், துளை இல்லாவிட்டால் பிளவின் அந்த முனையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். சீட்டைக் கையால் பிடித்து இழுத்துத் தாவுவீர்கள் என்றால் கழுத்தை இறுக்க இரண்டு போல்ட் உள்ள கிளாம்ப் வேண்டும், ஒரு போல்ட்டில் சீட் திரும்பிக்கொண்டே இருக்கும்.

பிரேக் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சமதளத்துக்குத் தேவையில்லை, நீண்ட இறக்கத்தில்தான் முட்டியைக் காப்பாற்றும். பிற்பாடு வேண்டுமென்றால் கிராங்க்கில் தட்டு மாட்டுகிற டிஸ்க்கையும் போல்ட்டில் கட்டுகிற அடாப்டரையும் வாங்கிக்கொள்ளலாம், ஃபிரேமில் இப்போதே எதையும் வெல்டு செய்யாதீர்கள்.

எல்லாம் முடிந்து மாட்டும்போது டயர் ஒரு பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் உடனே நண்பரைத் திட்டாதீர்கள். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். ஒதுக்கம் அடுத்த பக்கத்துக்கு மாறினால் கோளாறு சக்கரத்தில், கம்பி முறுக்கி ரிம்மை நடுவுக்குக் கொண்டுவர வேண்டியதுதான். அதே பக்கத்தில் நின்றால் ஃபிரேம் கோணல். சோதித்து முடித்ததும் சக்கரத்தை மறக்காமல் பழையபடி மாட்டுங்கள், இடது பெடல் இடப்பக்கமே வரட்டும். மாறி ஓட்டினால் பெடல் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்று, கிராங்க்கின் மரையையும் தின்றுவிடும்.