சர்வரில் மூன்று ஐபி: வெளியே போகும் அழைப்பு எதிலிருந்து போகும்?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் ஒரே இன்டர்ஃபேஸில் 203.0.113.10, 11, 12 என மூன்று ஐபி. கூட்டாளி நிறுவனம் தன் ஃபயர்வாலில் 12-ஐ மட்டுமே அனுமதித்திருக்கிறது. ஆனால் எங்கள் அழைப்புகள் 10-லிருந்தே போகின்றன. எப்படி மாற்றுவது?

பதில்: அவர்களின் ஐபி 198.51.100.20 என்று வைத்துக்கொள்வோம். 'ஐபி ரூட் கெட் 198.51.100.20' என்று அடித்துப் பாருங்கள். விடையில் 'எஸ்ஆர்சி' (சோர்ஸ், அதாவது அனுப்பும் முகவரி) என்பதற்கு அடுத்து வருவதுதான் லினக்ஸின் மையமான கெர்னல் எடுக்கும் முகவரி.

அப்ளிகேஷனே ஒரு முகவரியை பைண்ட் செய்திருந்தால் (இதிலிருந்துதான் போக வேண்டும் என்று கட்டியிருந்தால்) அதுதான் போகும். இல்லாவிட்டால், பொருந்தும் ரூட்டில் (எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் விதியில்) எஸ்ஆர்சி குறித்திருக்கிறதா என்று கெர்னல் பார்க்கும். அதுவும் இல்லையென்றால் கேட்வே (வெளியே போகும் வாசலான ரூட்டர்) இருக்கும் சப்நெட்டின் பிரைமரி முகவரி, அதாவது முதலில் சேர்த்தது. உங்களுக்கு 10 வருவது இதனால்தான்.

டிஃபால்ட் ரூட்டில் கை வைக்காதீர்கள். மெயிலும் இதே சர்வரிலிருந்து போனால், 10-க்காக அமைத்த எஸ்பிஎஃப், ரிவர்ஸ் டிஎன்எஸ் (மெயில் அனுப்பும் ஐபியைச் சரிபார்க்க உதவும் பதிவுகள்) எல்லாம் பொருந்தாமல் போகும். கூட்டாளிக்கு மட்டும் தனி ரூட் போதும் (203.0.113.1 உங்கள் கேட்வே, ஈத்0 உங்கள் இன்டர்ஃபேஸ் என்று வைத்துக்கொண்டால்):

ஐபி ரூட் ஆட் 198.51.100.20/32 வியா 203.0.113.1 டெவ் ஈத்0 எஸ்ஆர்சி 203.0.113.12

இது ரீபூட்டில் போய்விடும். நெட்வொர்க் அமைப்பை நெட்பிளான் என்ற கருவியில் வைத்திருந்தால், அதன் 'ரூட்ஸ்' பகுதியில் 'ஃப்ரம்' என்ற வரியாக எழுதிவையுங்கள். பல கிளவுட் சர்வர்களில் பப்ளிக் ஐபியைப் போட்டால் ஏற்காது, ஏனெனில் அங்கே அது இயந்திரத்தில் இருப்பதில்லை. அதோடு இணைத்த பிரைவேட் ஐபியைப் போடுங்கள்.

ரூட் சரியாக இருந்தும் 10-லிருந்தே போகிறதா? ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய முகவரியிலேயே தொடரும். கனெக்‌ஷன் பூல் (மறுபடி பயன்படுத்தத் திறந்தே வைக்கும் இணைப்புகள்) வைத்திருக்கும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கூட்டாளியின் டொமைனுக்குப் பல ஐபி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ரூட் வேண்டும். ஐபிவி6 முகவரியும் இருந்தால் அழைப்பு அந்த வழியில் போய்விடலாம்.

பலரைக் குழப்புவது டாக்கர், அதாவது அப்ளிகேஷன்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி. கன்டெய்னரின் பாக்கெட்டுகளுக்கு முகவரி மாற்றும் மாஸ்கரேட் விதி, ரூட்டில் நீங்கள் எழுதிய எஸ்ஆர்சியைக் கண்டுகொள்ளாது. இன்டர்ஃபேஸின் பிரைமரியையே எடுக்கும். அங்கே லினக்ஸின் பாக்கெட் விதிக் கருவியான ஐபிடேபிள்ஸின் நாட் டேபிளில், போஸ்ட்ரூட்டிங் செயினில், மாஸ்கரேட் விதிக்கு மேலே ஒரு எஸ்நாட் விதி (அனுப்பும் முகவரியை நீங்கள் சொல்லும் முகவரியாக மாற்றுவது) சேருங்கள்: கன்டெய்னர் சப்நெட்டிலிருந்து 198.51.100.20-க்குப் போவதெல்லாம் 203.0.113.12 ஆகட்டும். கீழே சேர்த்தால் மாஸ்கரேட் முந்திக்கொள்ளும், உங்கள் விதியின் கவுன்ட்டர் பூஜ்யத்திலேயே நிற்கும்.