பலிக்கல்லும் டைல்ஸும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அம்மா, மனைவி, பிள்ளைகளோடு குமரி மாவட்டம் வந்திருந்தேன். முஞ்சிறை பக்கத்துப் பார்த்திவபுரம் கோவிலைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை நம்பி அங்கே போனோம். போய்ச் சேர பதினொன்றரை ஆகிவிட்டது, நடை சாத்தியிருந்தார்கள். வெளிச்சுற்றை மட்டும் பார்த்தோம். தஞ்சாவூர் மாதிரி கோபுரம் இல்லை, சொல்லப்போனால் பார்க்க ஒன்றுமே இல்லை. வெயிலில் தரையில் கால் வைக்க முடியவில்லை. நல்ல டைல்ஸ் போட்டு மேலே ஷீட் அடித்திருந்தால் வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கும். அம்மா மட்டும் மதில் நிழலில் உட்கார்ந்துகொண்டு கிளம்பவே மாட்டேன் என்றார். திருவட்டாரில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், அது ஏன்? இவையெல்லாம் தமிழ்க் கோவில்களா, கேரளக் கோவில்களா? அடுத்தமுறை இரண்டு நாளில் அம்மாவோடு பார்க்கக்கூடிய கோவில்களைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வ., கோயம்புத்தூர்

அன்புள்ள வ.,

உங்கள் கடிதம் வந்த அன்று அந்தியில்தான் எங்கள் ஊர் சிவன் கோவிலுக்குப் போய்விட்டு மனசு சரியில்லாமல் திரும்பியிருந்தேன். ராத்திரி கடிதத்தைத் திறந்தால் ‘டைல்ஸ்’ என்ற சொல். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சட்டை விஷயம் ஒன்றுமில்லை. கழற்றச் சொன்னால் கழற்றுங்கள், அவ்வளவுதான். தமிழா கேரளமா என்ற கேள்வியை நான் நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதற்கு முன்னால் திருவிதாங்கூர், அதற்கும் முன்னால் வேணாடு, அதற்கும் முன்னால் ஆய் நாடு. தமிழா கேரளமா என்ற கேள்விக்கு முந்தியே கோவில் இங்கே இருந்தது. ஓட்டுக்கூரையைப் பார்த்து ஒன்றும் முடிவு கட்டாதீர்கள், பார்த்திவபுரத்தின் செப்பேடே தமிழில்தான் இருக்கிறது.

பார்க்க ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் கால் சுட்டு நின்ற ஊரில் 866ஆம் ஆண்டு ஆய் மன்னன் கருநந்தடக்கன் தொண்ணூற்றைந்து பேருக்கு ஒரு சாலை வைத்தான். சாலை என்றால் ரோடு இல்லை, தங்கி, உண்டு, படிக்கிற இடம். முஞ்சிறைச் சபையாரின் நிலத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை, வேறு நிலம் கொடுத்து மாற்றி வாங்கினான். அதில் கோவில் எடுத்து, விஷ்ணுவைப் பிரதிஷ்டை பண்ணி, பார்த்திவசேகரபுரம் என்று பேர் வைத்தான், அதுதான் இன்றைய பார்த்திவபுரம். செப்பேடு அதைக் கலியுகத்தின் 14,49,087ஆவது நாள் என்று நாளை எண்ணிச் சொல்கிறது. இதே மாதிரிப் பேர்பெற்ற இன்னொரு சாலையான காந்தளூர்ச் சாலையின் முறைதான் இங்கேயும். மூன்று வேதப் பிரிவினருக்கு 45, 36, 14 என்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சேர வருகிறவனுக்கு இலக்கணம் தெரிய வேண்டும், மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிய வேண்டும். ஒருவரை ஒருவர் வைதால் அபராதம். சபைக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்களின் சத்தம் கேட்கும். வைதிருக்கிறார்கள், கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அதனால்தானே விதி வந்திருக்கிறது! அந்த ஊர் மண்ணில் நின்றுகொண்டு நீங்கள் கோபுரத்தைத் தேடியிருக்கிறீர்கள்.

எங்கள் பக்கத்துச் சிறு கோவில்களில் பார்க்க வேண்டியது முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. குனிய வேண்டும், முடிந்தால் உட்கார வேண்டும். உங்கள் அம்மா உட்கார்ந்தார் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது பாட்டாவின், அதாவது தாத்தாவின், கையைப் பிடித்துக்கொண்டு தினம் அந்திக்கு ஸ்ரீபலி பார்க்கப் போவேன், கோவிலைச் சுற்றிவந்து கல்லுக்குக் கல் சோறு படைக்கிற சடங்கு அது. கருவறையான ஸ்ரீகோவிலைச் சுற்றி அன்றைக்கு வெறும் மணல். அதில் இடைவெளி விட்டுப் பலிக்கற்கள், கவிழ்த்து வைத்த சிரட்டை உயரம்தான் இருக்கும் ஒவ்வொன்றும். முன்னால் விளக்கு போகும், சேகண்டி போகும், பூசை செய்கிற போற்றி வேகமாக நடந்துகொண்டே ஒவ்வொரு கல்லிலும் தண்ணீர் தெளித்து, பூ போட்டு, ஒரு பிடி சோறு வைப்பார். நான் குறுக்கே ஓடினால் பாட்டா தோளைப் பிடித்து நிறுத்துவார். “மக்களே, மிதிச்சிராதே. அதுல ஆள் இருக்கு.” எட்டுத் திக்கின் காவலர்கள், சப்தமாதர்கள் என்றெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் இன்றைக்கும் எனக்கு அது ‘ஆள் இருக்கும்’ கல்தான்.

சுற்று முடிந்தபிறகு பாட்டா அதிஷ்டானத்தின், அதாவது கோவிலின் அடிப்பீடத்தின், பக்கத்தில் குத்தவைத்து உட்காருவார். ஜகதியில், அதாவது தரையை ஒட்டிய பட்டையான அடிவரிசையில், பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து ஒரு வரி ஓடும். அவருக்கு வாசிக்கத் தெரியாது. விளக்கைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார், உடனே தேய்ந்துபோன எழுத்தெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். என் விரலைப் பிடித்து அதன் மேல் ஓட்டுவார். வளைவும் சுழிவுமாக, குளிர்ந்து இருக்கும். கல்வெட்டு என்று நான் முதலில் தொட்டது அதைத்தான்.

அந்த வரி இப்போது இல்லை. யாரும் உடைக்கவில்லை, திருடவில்லை. தரை உயர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வருகிறவர்கள் மழைக்காலத்தில் சேறு என்றார்கள், வெயிலில் மணல் சுடுகிறது என்றார்கள், வெளியூரில் இருந்து ஒரு அன்பர் பணம் கொடுத்தார், கான்கிரீட் போட்டார்கள். பத்து வருஷம் கழித்து அது விரிசல் விட்டது, அதன் மேலேயே இன்னொரு பூச்சு, அதன் மேல் டைல்ஸ். ஒவ்வொரு தடவையும் நாலு விரல், அரைச்சாண். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற உபானமும் அதன் மேல் ஜகதியும் உள்ளே போயின. ஜகதிக்கு மேல் வரிசையான குமுதத்தின் உருண்டை தரையில் படுத்துக் கிடக்கிறது. கோவில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பதுபோல நிற்கிறது ஐயா! உங்கள் வீட்டுப் பெரியவரை முழங்கால்வரை சிமெண்டில் புதைத்துவிட்டு, வருகிறவர்களுக்கு வசதி என்று சொல்வீர்களா?

டைல்ஸ் சுடாது என்று யார் சொன்னது? இப்போது உச்சிவேளைக்குத் தண்ணீர் ஊற்றிக் கயிற்றுப்பாய் விரிக்கிறார்கள். மணலாக இருந்தபோது ரெண்டு மழையையும் அது குடித்துக்கொண்டது. இந்த மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இன்று அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் ஸ்ரீகோவில் படிவரை வருகிறது. அடியில் அடைபட்ட ஈரம் கல்லுக்குள் ஏறி மேலே உப்பாகப் பூத்து, கல் அப்பளம்போல உரிகிறது. இதைக் கமிட்டிக் கூட்டத்தில் சொன்னேன். “பக்தர்கள்தானே கேட்கிறார்கள்” என்றார்கள். உண்மைதான். உங்களைப் போல நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு கோபம் வருகிறது. வருத்தப்படாதீர்கள், ஆனால் இனி எந்தக் கோவிலிலும் அந்தச் சொல்லை வாயில் எடுக்காதீர்கள். கால் சுட்டால் காலையில் வாருங்கள்.

அன்று அந்தியில் பார்த்ததைச் சொல்கிறேன். பலிக்கற்களைச் சுற்றி டைல்ஸை வட்டமாக அறுத்துக் குழி விட்டிருக்கிறார்கள், பகலில் பெய்த மழை அதில் நிறைந்து கிடந்தது. போற்றி, அந்தப் பழைய போற்றியின் மகன், அவருக்கே அறுபது இருக்கும், முட்டு வலியோடு ஒவ்வொரு குழியின் முன்னாலும் மண்டியிட்டார். எவர்சில்வர் டம்ளரால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். உள்ளே கையை விட்டுத் தடவிக் கல்லின் தலையைக் கண்டுபிடித்து, பூவையும் சோற்றையும் வைத்தார். எழுந்தார். அடுத்த குழி. பின்னால் சேகண்டி அடிக்கிற பையன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டு நின்றான்.

சரி, நீங்கள் கேட்டது. திருவட்டாருக்கு மறுபடி போங்கள், இந்தமுறை அவசரமில்லாமல். 22 அடி நீளத்தில் ஆதிகேசவன் படுத்திருக்கிறார், மூன்று வாசல் வழியாகத்தான் முழுதும் பார்க்க முடியும். படி உண்டு, அம்மா மெல்ல ஏறட்டும். அங்கிருந்து திற்பரப்பு மகாதேவர், அருவிக்குப் பக்கத்திலேயே. பிறகு திருநந்திக்கரை. அங்கே குகையில் ராஜராஜன் காலத்து வட்டெழுத்து இருக்கிறது, அவன் பிறந்த சதய நாள் விழாவுக்கு முட்டம் ஊரைக் கொடுத்த சேதி. மற்றவற்றைத் தனியாக எழுதுகிறேன்.

ஆனால் பார்த்திவபுரத்துக்கு அம்மாவை இன்னொருமுறை கூட்டிப்போங்கள், சாயங்காலம் நடை திறக்கிற நேரத்துக்கு. முன்பு உட்கார்ந்த இடத்திலேயே அவர் உட்காரட்டும், ஏன் கிளம்ப மனம் வரவில்லை என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். எந்தக் கோவிலானாலும் ஒரு சின்ன டார்ச் கையில் இருக்கட்டும், பாட்டா பிடித்த மாதிரி சாய்த்துப் பிடிக்க. உள்ளே போகும்போதே பிள்ளைகளுக்குப் பலிக்கல் எது என்று காட்டிவிடுங்கள், ஓடுகிற வேகத்தில் மிதித்துவிடுவார்கள்.