காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கார் நின்றுவிடுகிறது, சூடானதும் நன்றாக ஓடுகிறது. கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

காரைக் காலையில் ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகாதீர்கள். முந்தைய நாள் மாலையே அங்கே விட்டுவிட்டு வாருங்கள். எனக்கு இது புரிய மூன்று வாரம் ஆயிற்று.

எனக்குக் காட்பாடி. போன மார்கழியில் என் பெட்ரோல் காருக்கும் இதே தொல்லை. காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் ஆகும், நாலைந்து விநாடி இருமும், நின்றுவிடும். ஒரு நாள் ரயில்வே மேம்பாலம் ஏறும்போதே நின்றது. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் கல்லாகிவிடும். பின்னால் பஸ், பக்கத்தில் மனைவி. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி, கோளாறு ஒளிந்துகொள்ளும். பிளக் மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினார்கள். பலனில்லை. கடைசியில் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மெக்கானிக் அண்ணன், "சார், வண்டிய ராத்திரி இங்கயே விடுங்க, காலைல நான் சாவி போடுறேன்" என்றார்.

காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, கார் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். உள்ளே போகும் காற்று 21 டிகிரி, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 68 டிகிரி என்று காட்டியது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட்டின் சூட்டை அளக்கும் சென்சார் பொய் சொல்கிறது!

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டும். எஞ்சின் ஏற்கெனவே சூடு என்று நம்பினால் விடாது. எஞ்சின் பட்டினியில் நிற்கும். 68 என்பது நடக்கக்கூடிய அளவுதான் என்பதால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. "வேலூரில் ஏது குளிர்?" என்பார்கள். 90 டிகிரியில் வேலை செய்யும் எஞ்சினுக்கு 21 குளிர்தான்.

உங்கள் வண்டியில் இரண்டு அளவும் ஒத்துப்போனால் சென்சாரை விட்டுவிடுங்கள். அடுத்து, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் எஞ்சினின் உறிஞ்சு விசை போகும் ரப்பர் குழாய்கள், அதாவது வேக்கம் ஹோஸ்கள். குளிரில் ரப்பர் இறுகி விரிசல் வாய் திறக்கும், 'உஸ்' என்று காதில் விழும். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி என்றால் முதலில் சோக்கைப் பாருங்கள் (குளிர் ஸ்டார்ட்டில் காற்றைக் குறைக்கும் தகடு).

சென்சார்தான் என்று தெரிந்தாலும், புதிது வாங்கும் முன் அதன் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். கழற்றுவதானால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும். சூடான கூலன்ட் கையில் பீய்ச்சியடிக்கும்.