பெண்ணுறுப்பின் உள் இதழ் சத்திரசிகிச்சை: கொழும்புக்கு பஸ் ஏற முதல்

கேள்வி: எனக்கு 29 வயது. புதுக்குடியிருப்புப் பக்கம். இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்குப் பத்து மாதம், இன்னும் பால் குடிக்கிறான். பெரியபிள்ளையான காலத்திலிருந்தே கீழே உள்பக்க இதழ்கள் இரண்டும் வெளியே தெரியும், ஒன்று மற்றதைவிட நீளம். சைக்கிள் ஓடினால் உரசி எரியும். இரண்டாவது பிரசவத்தில் தையல் போட்டார்கள், அதற்குப் பிறகு எல்லாம் தளர்ந்துபோன மாதிரி இருக்கிறது. கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு விளம்பரம் அனுப்பினா. கொழும்பில் செய்யலாமாம், அன்றைக்கே வீட்டுக்கு வரலாமாம். கணவர் கட்டாரிலிருந்து வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் செய்து முடிக்கலாமா? என்ன நடக்கும், எத்தனை நாள் படுக்க வேணும்?

பதில்:

தங்கச்சி, இதை எழுத உங்களுக்கு எத்தனை நாள் எடுத்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. கிளினிக்கில் பெண்கள் இதை முதலில் சொல்வதே இல்லை. நாரி நோ, தலைச்சுற்று என்று வேறு ஏதாவது காட்டுவார்கள். போகும்போது கதவுப் பிடியில் கையை வைத்தபடி திரும்பி, "டொக்டர், இன்னொன்று" என்பார்கள். அந்த இன்னொன்றுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. இதழ் உரசுவது தோலின் விசயம். தளர்ந்த மாதிரி இருப்பது தசையின் விசயம். விளம்பரங்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கும். ஆனால் இதழைக் குறைத்தால் தளர்வு போகாது, தளர்வுக்குத் தையல் போட்டால் இதழின் எரிவும் போகாது. எதற்காகப் போகிறோம் என்று தெரியாமல் மேசையில் ஏறும் பெண்கள்தான் பிறகு "காசும் போய், நோவும் அப்படியே இருக்கு" என்று அழுகிறார்கள்.

முதலில் இதழைப் பார்ப்போம். உள் இதழ் வெளியே தெரிவதும், ஒரு பக்கம் நீண்டிருப்பதும் நோய் இல்லை. லண்டனில் 50 பெண்களை அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில் உள் இதழின் அகலம் 7 மில்லிமீற்றரிலிருந்து 50 மில்லிமீற்றர் வரை இருந்தது. ஒருத்தியுடையதைவிட இன்னொருத்தியுடையது ஏழு மடங்கு. அத்தனையும் இயல்புதான். நிறமும் அப்படியே. மண்ணிறம், கறுப்பு, ஊதா கலந்த கறுப்பு எல்லாம் நம் பெண்களிடம் சாதாரணமாகக் காண்பவை. நாம் ஒருவருடையதை ஒருவர் பார்ப்பதில்லை. அதனால் ஒப்பிடுவதற்கு விளம்பரத்தில் வரும் படம் மட்டும்தான் கையில் இருக்கிறது. (சாமத்தியவீடு முடிந்த கையோடு 14 வயதுப் பிள்ளையை இதற்காகக் கூட்டி வந்த தாய்மாரும் உண்டு. 18 வயதுக்கு முன் இந்தச் சத்திரசிகிச்சை வேண்டாம். அந்த உறுப்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.)

ஆனால் உங்களுக்கு எரிகிறது. "இயல்புதான், போங்கோ" என்று அனுப்பிவிட முடியாது. அந்த எரிவுக்கு நீளம்தான் காரணமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் பால் கொடுக்கிறீர்கள். இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரஜன் குறைவதால் கீழ்ப்பகுதித் தோல் மெலிந்து வறண்டிருக்கும். முன்பு சும்மா உரசியது இப்போது எரியும். அதோடு வன்னி வெயில், வியர்வை, நைலோன் உள்ளாடை, பங்கசுத் தொற்று. எல்லாவற்றையும்விட நான் அதிகம் காண்பது டெட்டோல். சுத்தமாக இருக்க வேண்டும் என்று டெட்டோல் கலந்த தண்ணீரால் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைக் கழுவுகிறார்கள். மென்மையான தோல் வெந்துபோகும்.

ஒரு பெண் நினைவுக்கு வருகிறா. தினமும் கிரவல் ரோட்டில் ஏழெட்டுக் கிலோமீற்றர் வேலைக்குச் சைக்கிள் ஓடுபவ. வெட்டிவிடச் சொல்லித்தான் வந்தா. பார்த்தால் இதழ் நீளம்தான், ஆனால் ஓரமெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. பங்கசுக்கு மருந்து கொடுத்தோம், டெட்டோலையும் வாசனைச் சவர்க்காரத்தையும் நிற்பாட்டினோம், பருத்தி உள்ளாடைக்கு மாறச் சொன்னோம். சீற்று முன்பக்கம் தூக்கியிருந்ததாம். சைக்கிள் கடையில் அதைக் கொஞ்சம் பதித்து, அகலமான சீற்றாகவும் மாற்றினா. ஓடுவதற்கு முன் கொஞ்சம் வஸ்லின். ஆறு கிழமையில் சத்திரசிகிச்சைக் கதையே இல்லை. எல்லோருக்கும் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை. இத்தனையும் செய்த பிறகும் உரசுகிற, உள்ளாடையில் மடிந்து நோகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் சத்திரசிகிச்சை செய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இனித் தளர்வு. பிரசவத்தில் இடுப்படித் தசை இழுபட்டிருக்கும். அதற்கு முதல் மருந்து பயிற்சிதான். சலத்தை அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடியுங்கள், சில வினாடி வைத்திருந்து விடுங்கள். ஒரு வேளைக்கு எட்டுத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சலம் போகும்போது செய்து பழகாதீர்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் நல்ல நேரம். இருமும்போது சலம் சிந்தினாலோ, கீழே ஏதோ இறங்குவது போல, ஒரு பந்து முட்டுவது போல இருந்தாலோ அது வேறு. கருப்பை இறக்கமாக இருக்கலாம். போட்ட தையல் சரியாகப் பொருந்தாமல் ஆறியிருக்கவும் கூடும். இவை அழகு விசயம் இல்லை, வைத்தியம் செய்ய வேண்டியவை. இவற்றுக்கு அரச வைத்தியசாலையிலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் இறுக்கும் சத்திரசிகிச்சையை அதற்குப் பிறகு யோசிப்பதுதான் சரி. அடுத்த பிரசவம் அதைத் திரும்பவும் குலைத்துவிடும்.

லேசர் வைத்து "இறுக்கித் தருகிறோம்" என்று சொன்னால் தயவுசெய்து திரும்பி வாருங்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018 யூலையிலேயே இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. எரிகாயம், தழும்பு, உறவில் நோ, விட்டுப்போகாத வலி வரலாம் என்றது.

சரி, எல்லாம் பார்த்தும் இதழைக் குறைக்கத்தான் வேண்டும் என்று முடிவானால் என்ன நடக்கும்?

முதலில் இரத்தப் பரிசோதனை, சீனி, கர்ப்பம் இல்லை என்ற உறுதி. மாதவிடாய் திரும்பியிருந்தால் அது முடிந்த கையோடு திகதி எடுப்பது நல்லது. அஸ்பிரின் போன்ற மாத்திரை எடுத்தால் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பெண்களுக்கு நான் தனியாகச் சொல்வது ஒன்று உண்டு. உடம்பில் சண்டைக் காலத்து எறிகணைத் துண்டு (செல் துண்டு) எங்காவது இருந்தால், சின்னத் துண்டானாலும், கட்டாயம் சொல்லுங்கள். முதுகுத்தண்டுக்குக் கிட்ட இருந்தால் முதுகில் ஊசி போட்டு விறைக்க வைக்கும் முறையை மயக்க மருந்து வைத்தியர் யோசித்துத்தான் செய்வார். அப்புறம், அந்த இடத்தை யாராவது தொட்டாலே உடம்பு இறுகிப் பயம் வருகிறது என்றால் அதையும் சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பெண் வைத்தியர் வேண்டும், பக்கத்தில் ஒரு தாதி நிற்க வேண்டும், நான் நிற்பாட்டச் சொன்னால் நிற்பாட்ட வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

தியேட்டரில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்தோ, முழு மயக்கத்திலோ செய்வார்கள். பெரும்பாலும் இரண்டு முறைகள். ஒன்று, நீண்டிருக்கும் ஓரத்தை வெட்டி, புது ஓரத்தைத் தைப்பது. மற்றது, நடுவில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்து இரண்டு பக்கத்தையும் சேர்ப்பது. இரண்டாவதில் இயற்கையான ஓரம் மிஞ்சும், ஆனால் தையல் பிரியும் ஆபத்து இருக்கிறது. உங்களுக்கு எது, ஏன் என்று கேளுங்கள். எவ்வளவு விடப்போகிறீர்கள் என்றும் கேளுங்கள். இது என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி. உள் இதழ் சும்மா தொங்கும் தோல் இல்லை. நரம்பு நிறைந்த இடம், உள்ளே ஈரத்தைக் காக்கும் மூடி. கூட வெட்டினால் வறட்சியும் இழுவையும் உணர்ச்சிக் குறைவும் வரலாம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்பது பொய் இல்லை. ஆனால் விளம்பரம் சொல்லும் வீடு கொழும்பில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு எட்டு மணி நேர பஸ், மாங்குளத்தால் திரும்பி ஒட்டுசுட்டான் ரோட்டால் வர வேண்டும். புதுத் தையலோடு இரவு பஸ்ஸில் குந்தி வருவதை என்னால் ஏற்கவே முடியாது. இரத்தக் கசிவும் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில்தான் வரும். ஒரு கிழமையாவது அங்கே சொந்தக்காரர் வீட்டில் நின்று, காயத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.

முதல் மூன்று நாள் கண்ணாடியில் பார்த்தால் பயந்துவிடுவீர்கள். வீங்கி, ஊதாவாகி, முன்பு இருந்ததைவிடப் பெரிதாக, ஒரு பக்கம் கோணலாக இருக்கும். அது அப்படித்தான். துணியில் சுற்றிய ஐஸை பத்துப் பத்து நிமிசம் வையுங்கள், ஐஸ் நேரே தோலில் படக்கூடாது. இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துப் படுங்கள். சலம் கழிக்கும்போது சுரீர் என்று எரியும். அந்த நேரத்தில் கொதித்தாறிய இளஞ்சூட்டுத் தண்ணீரை மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் தாங்கலாம். நோவுக்கு வைத்தியர் சொன்ன அளவில் பனடோல். மலச்சிக்கல் வரவே கூடாது. பப்பாசிப்பழம், கீரை, நிறையத் தண்ணீர். பிள்ளைக்குப் பால் கொடுப்பதைச் சொல்லி, அதற்கேற்ற மருந்தை எழுதி வாங்குங்கள்.

நம் வீடுகளில் பெரிய சோதனை குந்துவதுதான். குந்து கக்கூஸ், நிலத்தில் சப்பாணி கட்டி இருப்பது, அடுப்படியில் குந்தி மீன் வெட்டுவது எல்லாம் தையலை இழுக்கும். நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் கதிரையைக் கக்கூசின் மேல் வைத்தால் போதும். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் பெரியவனைத் தூக்குவதும் இரண்டு மூன்று கிழமைக்கு வேண்டாம். ஆறும் வரை குளத்தில் இறங்காதீர்கள். அதனால்தான் கேட்கிறேன், அந்த நாட்களில் பத்து மாதப் பிள்ளையை யார் பார்ப்பது? அம்மாவோ மாமியோ கூட நிற்பார்களா? அதற்குப் பதில் இல்லாமல் திகதி எடுக்காதீர்கள்.

இருந்து செய்கிற வேலை என்றால் ஒரு கிழமை, பத்து நாளில் போகலாம். கரையும் தையல்தான் போடுவார்கள், இரண்டு மூன்று கிழமையில் கரைந்து விழத் தொடங்கும். அந்த நேரம் நல்லாகக் கடிக்கும், சொறியக்கூடாது. உடலுறவுக்கும் சைக்கிளுக்கும் ஆறு கிழமை. வயல் வேலைக்கும் அதே கணக்குத்தான். வீக்கம் முழுதாக வடிந்து உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் செல்லும். ஆகவே அவர் வந்து இறங்கும் நாளுக்கு எல்லாம் ஆறி அமைதியாக இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் பாட் ஒன்று நனைகிற அளவு இரத்தம், காய்ச்சல், கெட்ட மணம், நாளுக்கு நாள் கூடும் நோ, சலம் போகாமல் அடைப்பது, ஒரு காலின் கெண்டை வீங்கி நோவது: இவற்றில் ஒன்று வந்தாலும் கொழும்புக்கு போன் அடித்துக்கொண்டு இருக்காமல், புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலைக்கோ முல்லைத்தீவுக்கோ உடனே போங்கள். கையில் டயக்னோசிஸ் கார்ட் இருக்க வேண்டும். என்ன முறை, என்ன தையல், என்ன மயக்கம் என்று அதில் எழுதி வாங்காமல் அங்கிருந்து வெளிக்கிடாதீர்கள். வெட்கத்தில் அந்தக் கார்ட்டைக் கிழித்தெறிந்துவிட்டுக் காய்ச்சலோடு வந்தால், பார்ப்பவருக்கு எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியாது.

தோற்றத்துக்காக மட்டும் என்றால் பெரும்பாலும் தனியாரில்தான் செய்ய வேண்டியிருக்கும். செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, பெண் நோயியல் நிபுணரா பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரா, இதை எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். தியேட்டர், மயக்க மருந்து, பிறகு காட்டுவது, தையல் பிரிந்தால் திரும்பத் தைப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து விலையை எழுத்தில் வாங்குங்கள். "இன்றைக்கே கட்டினால் கழிவு" என்று சொல்லும் இடத்தில் செய்யாதீர்கள்.

ஒன்றை மட்டும் நேரே கேட்கிறேன். அவர் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால், அல்லது அவர் சொல்லிவிடுவார் என்று பயந்துதான் இந்த அவசரம் என்றால், அந்தப் பயத்தை எந்தத் தையலும் தைக்காது. உங்களுக்கு நோகிறது என்பதற்காகச் செய்யுங்கள், அது போதுமான காரணம்.

இப்போது உங்கள் கையில் மூன்று மாதம் இருக்கிறது. பால் மறக்கடித்து சில மாதம் போகும் வரை வெட்டுவது பற்றி முடிவு எடுக்க வேண்டாம். அதற்குள் பயிற்சி, பருத்தி உள்ளாடை, வெறும் தண்ணீர், சைக்கிள் சீற்று. பிள்ளையின் நிறை பார்க்கும் நாளில் மிட்வைஃப் அம்மாவிடம் கேட்டால் பெண் நோயியல் கிளினிக்குக்கு வழி சொல்வா. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியோடு கட்டிய பெண்கள் சுகாதார நிலையமும் 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. துண்டு எழுதும் இடத்தில் ஆட்கள் நிற்பார்கள், அங்கே விபரம் சொல்லத் தேவையில்லை. "பெண் நோய் கிளினிக்" என்றால் போதும். உள்ளே போனதும், கதவுக்குக் கிட்டப் போகும்வரை வைத்திருக்காமல், இருந்த உடனேயே சொல்லுங்கள்: "கீழே உரசி எரியுது டொக்டர், ஒருக்கா பார்க்கோணும்."