பூச்சிகளுக்குப் பெயரிடும் படிப்பும் வருமானக் கவலையும்

அன்புள்ள அம்மா,

பூச்சிகளை இனம் பிரித்துப் பெயரிடும் துறைக்கே போவேன் என்று உங்கள் மகள் பிடிவாதம் பிடிப்பதாகவும், அதை நம்பிப் பிழைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸின் வாழ்க்கையைப் பார்த்தால் உங்கள் அச்சத்திலும் நியாயம் உண்டு, அவளது ஆசையிலும் நியாயம் உண்டு.

1825இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்த பேட்ஸ், இளம் வயதிலேயே பள்ளியை விட்டு ஒரு காலுறை வணிகரிடம் தொழில் பழகியவர். ஓய்வு நேரத்தில் வண்டு சேகரித்தவர், 1848இல் நண்பர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸுடன் அமேசானுக்குக் கப்பலேறி, 11 ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். சேகரித்தவற்றை லண்டன் முகவர் ஒருவர் விற்று அனுப்பிய பணத்தில்தான் காலம் தள்ளினார். திரும்பியபோது அவர் கணக்கில் 14,712 விலங்கினங்கள் இருந்தன. பெரும்பாலானவை பூச்சிகள், ஏறத்தாழ 8,000 அறிவியலுக்குப் புதியவை.

எண்ணிக்கையை விடப் பெரியது அவர் 1862இல் வெளியிட்ட விளக்கம். பறவைகள் ஒதுக்கும் பட்டாம்பூச்சிகளின் தோற்றத்தை, உண்ணத் தகுந்த வேறு குடும்பப் பட்டாம்பூச்சிகள் ஒத்திருப்பதையும், ஊருக்கு ஊர் அவை சேர்ந்தே நிறம் மாறுவதையும் கவனித்து, அது இயற்கைத் தேர்வின், அதாவது பிழைக்க உதவும் பண்புள்ளவையே தப்பிப் பெருகுவதன், விளைவு என்று காட்டினார். எது எந்த இடத்தில் கிடைத்தது என்று அவர் பிரித்து வைத்திராவிட்டால் இந்த உண்மை புலப்பட்டிருக்காது.

இத்தனை செய்தவருக்கும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை கிடைக்கவில்லை. அவர் விரும்பிய இடம் ஒரு கவிஞருக்குப் போயிற்று! 1864 முதல் 1892இல் இறக்கும்வரை அரச புவியியல் கழகத்தின் உதவிச் செயலாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே வண்டுகளை விவரித்து வந்தார்.

இன்று கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகமும், பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகமும் இப்பணிக்கு உண்டு என்றாலும், வகைப்பாட்டுக்கென்றே, அதாவது இனம் பிரித்துப் பெயரிடுவதற்கென்றே, உள்ள பணியிடங்கள் குறைவு. ஆகவே இளநிலை வேளாண்மை, பின்பு முதுநிலைப் பூச்சியியல் என்ற வழியையே நான் முதலில் சொல்வேன்; பயிர்ப் பாதுகாப்பு வேலைகளும் அவளுக்குத் திறந்திருக்கும், வகைப்பாட்டை ஆய்வுப் படிப்பில் சிறப்புத் துறையாகக் கொள்ளலாம். வேளாண்மையில் இடம் கிடைக்காவிட்டால் இளநிலை விலங்கியல் படிக்கட்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே பூச்சி ஆய்வில் ஈடுபட்ட பேராசிரியர் இருக்கிறாரா என்று நேரில் விசாரியுங்கள்.

அதுவரை, பார்க்கும் ஒவ்வொரு பூச்சிக்கும் தேதி, இடம், இருந்த செடி ஆகியவற்றை அவள் எழுதி வைக்கட்டும். பிடிப்பதை விடப் படமெடுப்பது நல்லது. ஏனெனில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கும் உயிர்களின் பட்டியலில் சில பட்டாம்பூச்சிகளும் உள்ளன.