ஹங்கேரியப் பெயர்களில் பழைய எழுத்து: எப்படிப் படிப்பது?

கேள்வி: 1848 ஹங்கேரியப் புரட்சி பற்றிய கட்டுரையை ஆங்கிலம் வழியாக மொழிபெயர்க்கிறேன். உச்சரிப்பு அட்டவணையைப் பார்த்து எழுதினாலும் அமைச்சர்களின் பெயர்கள் சரியாக வரவில்லை. எங்கே தப்பு?

பதில்: அட்டவணையில் தப்பில்லை. அது இன்றைய எழுத்துமுறைக்கானது. ஹங்கேரிய அறிவியல் கழகம் எழுத்துமுறைக்கான விதிகளை முதன்முதலாக 1832இல் வெளியிட்டது. பிற சொற்கள் காலப்போக்கில் சீராகிவிட்டன. குடும்பப்பெயர்கள் பல, பாட்டன் எழுதியபடியே நின்றுவிட்டன. எனவே பழைய எழுத்தை முதலில் இன்றைய எழுத்தாக்குங்கள், அப்புறம் அட்டவணைக்குப் போங்கள்.

இன்றைய முறையில் எஸ் தனியே வந்தால் ஷ். கூடவே இசட் வந்தால் ஸ். சி-எஸ் என்பது ‘பச்சை’யில் வரும் ச். ஜே என்பது ய். என்-ஒய் நம் ஞ-வேதான். ஆங்கிலேயர் திணறும் இடத்தில் நமக்குச் சிரமமில்லை.

பழைய முறையில் டி-எச் (இந்தப் பதிலில் டி என்றால் எங்கும் t-தான், d அல்ல) வெறும் த். அதனால் நிதியமைச்சர் கொஷுத். சி-எச் என்றால் ச். பொதுப்பணி அமைச்சர் ஸேச்சேஞி. (இரண்டாவது ஏகாரத்துக்கு எழுத்தில் நெடில் குறி கிடையாது, ஒலி நெடில்தான்.) இ-யும் (e) புள்ளி வைத்த ஓ-வும் (ö) அடுத்தடுத்து வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே உயிர்: உதட்டைக் குவித்துக்கொண்டு எ சொல்லுங்கள். கல்வியமைச்சர் ‘எயோத்வோஸ்’ அல்ல, ஒத்வொஷ். பொற்கொல்லர் என்று பொருள். சி-இசட் என்பது ட்ஸ்: ராக்கோட்ஸி என்ற குடும்பப்பெயர். ஆனால் டி-எஸ் என்று எழுதியிருந்தால் ட்ஸ் அல்ல, ச்! கொல்லரைக் குறிக்கும் கொவாச் என்ற பெயரைப் பழைய முறையில் அப்படி எழுதுவோர் இன்றும் உண்டு. பலரும் ‘கொவாட்ஸ்’ என்று சறுக்குவது இங்கேதான்.

பிரதமரின் பெயர்தான் கடினம். நடுவில் டி, டி, எச், ஒய். எச்-சை எடுத்துவிடுங்கள், மிஞ்சுவது அழுத்தமான த்ய். கடைசியில் என்-ஒய் மட்டுமே இருக்கிறது, ஆனால் ஞ-வோடு இகரமும் ஒலிக்கிறது. ஆக, பத்த்யாஞி.

இந்த ஒய்-யைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஜி, எல், என், டி ஆகியவற்றை அடுத்து வராத ஒய் பெயரின் கடைசியில் இகரம்: கவிஞர் அதி. அந்த நான்கின் பின் வந்தால் ஐயம்தான். எல்-ஒய் என்ற அதே முடிவு இசையமைப்பாளர் கொதாயின் பெயரில் ய், 17ஆம் நூற்றாண்டுக் கிளர்ச்சித் தலைவர் தொக்கொலியின் பெயரில் லி. அகராதியைப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை. விதியை மீறும் இன்னொருவர் 1848 அமைச்சரவையின் எஸ்தெர்ஹாஸி: எஸ் தனியாகத்தான் நிற்கிறது, ஒலி ஸ்.

தமிழில் ஒலிப்படி எழுதுங்கள். மூல எழுத்தை மட்டும் திருத்தாமல் குறித்து வையுங்கள். ஹங்கேரியக் கலைக்களஞ்சியங்கள் பழைய பெயர்களை ஒலியை வைத்து அடுக்குவதில்லை, எழுத்தெழுத்தாகப் பிரித்தே அடுக்குகின்றன. தொக்கொலியை டி-யை அடுத்து எச் வரும் இடத்தில் தேட வேண்டும். சி-எஸ் தனி எழுத்து என்பதால் சி-இசட்டில் தொடங்கும் பெயர்கள் அதற்கு முன்பே வந்துவிடும்.

இன்னொன்று: அங்கே குடும்பப்பெயர்தான் முதலில் வரும். கொஷுத் லயோஷ் என்பதே அவர்கள் வரிசை, ‘லஜோஸ்’ வேண்டாம்.