மண்ணுக்குள் போன தலைநகரத்தின் அளவுகள் எப்படித் தெரியவந்தன?

கேள்வி: சீனப் பேரரசுகளின் பழைய தலைநகரங்களில் கட்டடமே மிஞ்சவில்லை என்கிறார்கள். அப்புறம் தெரு, வாசல் அளவெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்?

வேலை விஷயமாகச் சீனாவின் ஷிஆன் நகரத்துக்குப் போனபோது எனக்கும் இதே சந்தேகம் வந்தது. ஊர் நடுவே நிற்கிற பெரிய மதில்தான் பழைய தலைநகரமான சாங்ஆன் என்று நினைத்திருந்தேன். அது 14-ஆம் நூற்றாண்டில் மிங் காலத்தில் கட்டியது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹான் பேரரசின் சாங்ஆன் ஊருக்கு வடமேற்கே கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். மதிலின் மிச்சம் மண்மேடு மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அடுக்கடுக்காகக் கோடுகள். கொஞ்சம் மண் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, அதன்மேல் மறுபடி மண்.

பதில் அதில்தான் இருக்கிறது. மேலே இருந்த மரக் கட்டடங்கள் எரிந்தோ மக்கியோ போய்விட்டன. கீழே திமிசு போட்ட மண் அப்படியே கிடக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் கருவி லுவோயாங் மண்வெட்டி. நீளக் கம்பின் நுனியில் அரைக்குழாய் மாதிரி ஓர் இரும்பு. புதையல் திருடர்கள் கல்லறை தேடப் பயன்படுத்தியது அது. குத்தி எடுத்தால் ஆழத்து மண் குலையாமல் மேலே வரும். இறுகிய மண் வந்தால் அங்கே சுவரோ அடித்தளமோ இருந்திருக்கிறது. வரிசையாகக் குத்திக்கொண்டே போனால் நகரத்தின் எல்லை தானாகத் தெரியும்.

1956-இல் ஹான் சாங்ஆனில் முறையான ஆய்வு தொடங்கியது. மதிலின் சுற்றளவு 25 கிலோமீட்டருக்கு மேல், வாசல்கள் 12, ஒவ்வொரு வாசலிலும் மூன்று வழிகள். ஒரு வாசலைத் தோண்டியபோது தரையில் வண்டித் தடம் அப்படியே இருந்தது! சக்கரத்துக்குச் சக்கரம் 1.5 மீட்டர். ஒரு வழியின் அகலம் 6 மீட்டர் என்றால் நாலு வண்டி, மூன்று வழிக்குப் பன்னிரண்டு. இந்நகரைப் பாடிய ஹான் காலக் கவிஞர் சாங் ஹெங்கும் பன்னிரண்டு வண்டிகள் என்றுதான் சொல்லியிருக்கிறார். கவிஞர் கூட்டிச் சொல்கிறார் என்று யாரும் நினைத்திருக்கலாம். தடமே சாட்சி சொல்லிவிட்டது. இதை முதலில் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மண்ணோடு எழுத்தும் கிடைத்தது. அதே ஹான் நகரின் வெயியாங் அரண்மனைப் பகுதியில் எழுத்துப் பொறித்த எலும்புத் துண்டுகள் 57,000-க்கு மேல் கிடைத்தன. ஆயுதப் பட்டறைக் கணக்கெல்லாம் அதில் இருக்கிறது.

பின்னால் வந்த தாங் பேரரசு கால சாங்ஆன் வேறு இடம், 84 சதுர கிலோமீட்டர். 904-இல் அதன் கட்டடங்களைப் பிரித்து, மரத்தை வெய் ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். அங்கேயும் அடித்தளத்து மண்ணை யாரும் எடுத்துப் போகவில்லை. அந்நகரின் தாமிங் அரண்மனையின் அளவுகள் அதிலிருந்துதான் கிடைத்தன.